ஒரே தேதியில் இரண்டு துக்கம்: தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

தூத்துக்குடிக் கரையிலிருந்து எழுதுகிறேன். முழங்காலில் நின்று நாவில் நற்கருணை வாங்குகிறவன், சாயங்காலம் செபமாலை சொல்லாமல் சோற்றில் கை வைக்காதவன் என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள். பழைய போக்கு. அரசியலிலும் ஊடகத்திலும் சினிமாவிலும் நம் திருச்சபை நடந்துகொள்ளும் விதம் பற்றி எனக்கு ஒரு மனக்குறை ரொம்ப நாளாக இருக்கிறது. ஊரில் சாமியாரிடம் சொன்னால் சிரித்துவிட்டு, "இதையெல்லாம் ஆயருக்கு எழுதுங்க" என்கிறார். சரி, எழுதிவிடுகிறேன். எந்த ஆயருக்கு என்று தேர்ந்தெடுக்கத் தெரியாததால் ஆயர் பேரவைக்கே எழுதுகிறேன்.

பனிமய மாதா திருவிழா ஆகஸ்டு 5-இல் முடியும். பந்தல்காரர் கம்புகளை இறக்கி முடிப்பதற்குள் ஆகஸ்டு 10 வந்துவிடும். தமிழகத் திருச்சபைக்கு அது கறுப்பு நாள். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சேராத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஞானஸ்நானத்தோடு சாதி கழுவப்பட்டுவிட்டது என்று அரசு சொல்கிறது. கழுவப்படவில்லை என்பதற்கு நம்முடைய சில கல்லறைத் தோட்டங்களே சாட்சி. அந்த நாளில் நீங்கள் கறுப்புப் பட்டை அணிவதும் கோயில் முற்றத்தில் கறுப்புக் கொடி ஏறுவதும் நியாயம். என்னைப் போன்ற பழமைவாதிகளுக்கு அது பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அதே ஆகஸ்டு 10-இல், 1971-ஆம் ஆண்டு, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய மத்தியச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அகில இந்திய அளவில் அந்தத் தேதியைக் கருவில் மாண்ட குழந்தைகளுக்கான துக்க நாளாக அனுசரிக்க முயற்சிகள் நடந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பங்கில் (எங்கள் ஊர்க் கோயில் சபையில்) அன்றைக்கு ஒரு துக்க மணி அடித்து நான் கேட்டதில்லை. முதல் துக்கத்துக்கு ஊர்வலம் உண்டு, பதாகை உண்டு, கலெக்டரிடம் மனு உண்டு, மறுநாள் பேப்பரில் படம் உண்டு. இரண்டாவது துக்கத்துக்கு விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஏன் இப்படி என்று நான் யோசித்துப் பார்த்தவரையில் காரணம் ஒன்றுதான் தெரிகிறது. முதல் துக்கத்தில் நம்மோடு வந்து நிற்கக் கட்சிகள் இருக்கின்றன. இரண்டாவதில் ஒருவரும் இல்லை. ஊரோடு சேர்ந்து பேச வேண்டிய இடத்தில் நீங்கள் உரக்கவே பேசுகிறீர்கள். தனியாக நின்று பேச வேண்டிய இடத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது. என் மனக்குறை இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான சாட்சியம்.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுத் தவக்காலத்தோடு தேர்தல் காலமும் சேர்ந்தே வந்தது. ஈஸ்டர் ஏப்ரல் 4, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. எல்லாத் தேர்தலிலும் போல வேட்பாளர்கள் ஆயர் இல்லங்களுக்கு வந்து சால்வை போர்த்தி, ஆசீர் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதே நாட்களில், மார்ச் 16 அன்று, கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 20 வாரம் என்று இருந்த எல்லை, அரசு குறித்துச் சொல்லும் பிரிவுகளைச் சேர்ந்த பெண்களுக்கு 24 வாரம் ஆனது. கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்லிவிட்டால் வாரக் கணக்கே கிடையாது என்றும் ஆனது. கொண்டுவந்தது பாஜக அரசு. எதிர்க்கட்சிகளில் சிலர் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது மார்ச் 25. மங்கள வார்த்தைத் திருநாள்! கன்னி மரியாளின் வயிற்றில் வார்த்தை மனுவுருவான நாளாக நாம் கொண்டாடும் நாள். மனித உயிரின் மாண்பு பற்றிய தம்முடைய பெரிய சுற்றுமடலில் இரண்டாம் ஜான் பால் 1995-இல் கையெழுத்திட்டதும் அதே மார்ச் 25-தான். டெல்லியில் கோப்பு நகர்த்தியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த மார்ச்சில் சால்வையோடு வந்தவர்களில் ஒருவரிடமாவது, "உங்கள் கட்சி எம்.பி. இந்த மசோதாவில் என்ன செய்தார்?" என்று யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் திகைத்துப் போயிருப்பார். கிறித்தவர்கள் என்றால் கேட்பது நான்குதான் என்று அவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்: உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் நியமன ஒப்புதல், கோயில் பழுதுபார்க்கப் பணம், கல்லறைக்கு இடம், எருசலேம் பயணத்துக்கு மானியம். (எருசலேம் மானியம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. நேர்ச்சைப் பயணத்துக்கு அரசுப் பணம் எதற்கு?)

மனப்பாடம் செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை. நாம்தான் அப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்தோம். அதே 2021 ஜூலையில், கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் ஒரு சாமியார் மேடையேறி, ஆளுங்கட்சியின் வெற்றி சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்று பேசியதும், பிற மதத்தவர் வணங்குவதை இழிவாகப் பேசியதும், கைதானதும் நாடறிந்த செய்தி. அவரை ஒதுக்கிவைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் அந்தப் பிச்சைக் கணக்கு அவர் கண்டுபிடித்ததா? தேர்தலுக்குத் தேர்தல் நம்மை நாமே ஒரு ஓட்டு மூட்டையாகக் கட்டி வைத்ததன் விளைவு அது. கட்டியதை எடுத்து அவர் மேடையில் அவிழ்த்துவிட்டார்.

நமக்கு வேறொரு மரபு இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போன இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா, கிறித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீட்டுத் தொகுதிகள் வேண்டாம் என்ற முடிவோடு நின்றார். மதத்தைக் கடைப்பிடிப்பதோடு அதை அறிவிக்கவும் உள்ள உரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றதில் அவரைப் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு. சலுகையை விட்டுக்கொடுத்து உரிமையைக் கேட்டவர்கள் அவர்கள். மரியதாஸ் ரத்தினசாமி என்று ஒருவர் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிறகு ராஜாஜியோடு சுதந்திராக் கட்சி, மாநிலங்களவை உறுப்பினர். கத்தோலிக்கராகவும் பழமைவாதியாகவும் தமிழ்நாட்டு அரசியலில் தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்று காட்டியவர். இன்றைக்கு நம் இளைஞர் இயக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள்.

நான் எந்தக் கட்சிக்காகப் பேசுகிறேன் என்ற சந்தேகம் உங்களுக்கு வரக்கூடும். ஒன்றுக்காகவும் இல்லை. 2023 ஈஸ்டர் அன்று பிரதமர் டெல்லி திரு இருதயப் பேராலயத்துக்கு வந்தார். மெழுகுதிரி ஏற்றினார், மரம் நட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 3-இல் மணிப்பூர் எரிந்தது, கோயில்களும் எரிந்தன. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சாமி அடிகளாரை எண்பது வயது தாண்டிய நிலையில் சிறையில் வைத்தார்கள். நடுக்கவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாதவர், உறிஞ்சு குழலுக்கு நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-இல் ஜாமீன் கிடைக்காமலே மறைந்தார். அவருடைய அரசியல் எனக்கு முழுக்க ஒத்துவராது. ஆனாலும் அந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப்போட முடியாது என்பதற்கு அது ஒன்றே போதும். அதற்காக எதிர்த்தரப்பு நம் வீடாகிவிடுமா? பெரியார் படத்தின் கீழே நின்று நமக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறவர்கள் ஆண்டின் மற்ற நாட்களில் கடவுள் நம்பிக்கையைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது நமக்கும் கேட்கத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் என்னைப் போன்ற ஆளுக்குக் கட்சி கிடைக்கும். இங்கே கிடைக்காது. அதை நான் ஒரு வரமாகவே நினைக்கிறேன். இப்போது நம் பிள்ளைகள் சிலர் அமெரிக்கக் கத்தோலிக்க யூடியூபர்களைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்கிறார்கள். அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்களின் சிறு குழு, அதன் வாட்ஸாப்பில் டிரம்ப் படம் வருகிறது. எங்கள் அன்பியத்தில் மீன்விலை இறங்கியது பற்றிப் பேச வேண்டிய இடம் அது! நீங்கள் இந்த விஷயங்களில் தமிழில், நம் மண்ணின் கணக்கில் பேசாமல் இருப்பதால்தான் அவர்கள் அந்தக் கடைக்குப் போகிறார்கள்.

ஊடகத்துக்கு வருகிறேன். 2013 ஜூலையில் ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில், ஆண்டவரைத் தேடும் ஓரினச்சேர்க்கையாளர் ஒருவருக்குத் தீர்ப்பிட நான் யார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். தமிழ் பேப்பர் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும், டீக்கடை வரை வந்தது. 2018 அக்டோபரில் அதே திருத்தந்தை, கருக்கலைப்பு என்பது பிரச்சினையைத் தீர்க்கக் கூலிக்கொலையாளியை வைப்பது போன்றது என்று புனித பேதுரு சதுக்கத்தில் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட தமிழ்க் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று உங்கள் பங்குகளில் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். 2015-இல் அவர் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலைப் பிளாஸ்டிக் ஒழிப்புக்கும் மரம் நடுவதற்கும் எல்லாப் பங்கிலும் மேற்கோள் காட்டினோம். இயற்கையைக் காப்போம் என்பதும் கருக்கலைப்பை நியாயப்படுத்துவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று அதே மடலின் 120-ஆவது பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியை மறையுரையில் நான் கேட்டதே இல்லை.

2023 டிசம்பரில், ஓரின இணையருக்கும் ஆசி வழங்குவது பற்றி வத்திக்கான் ஓர் ஆவணம் வெளியிட்டது. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்பதில் மாற்றமில்லை, இது வழிபாட்டுச் சடங்கும் இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். (அந்த ஆவணம் தேவையா என்று எனக்கும் கேள்வி உண்டு, அது வேறு கதை.) ஓரினத் திருமணத்துக்குப் போப் பச்சைக்கொடி காட்டிவிட்டார் என்ற தோரணையில் செய்தி பரவியது. மீன் ஏலக்கூடத்தில் என்னிடம் கேட்டார்கள், "என்ன, உங்க போப் இப்படிச் சொல்லிட்டாராமே?" என்று. பதில் சொல்ல எனக்குத் தமிழில் ஒரு பக்கம்கூடக் கையில் இல்லை. வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பணி இருப்பது நல்லது. சிற்றலையில் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் அந்தப் பணியின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இங்கே, நம் தெருவில், அன்றைய செய்திக்கு அன்றைக்கே பதில் சொல்ல ஒருவரும் இல்லை. நம் ஊடகங்களில் ஒரு பக்கம் நேரலைத் திருப்பலி, நவநாள், புதுமைச் சாட்சியம். இன்னொரு பக்கம் எந்தக் கட்சிப் பத்திரிகையிலும் படிக்கக்கூடிய அரசியல் தலையங்கம். நடுவில் திருச்சபையின் அறநெறி என்று ஒன்று இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

சினிமாவைப் பற்றி உங்களிடம் புகார் சொல்ல நான் வரவில்லை. 2006-இல் இயேசுவின் வாழ்வைத் திரித்துச் சொன்ன ஒரு ஹாலிவுட் படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது, உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தப் படத்தை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஓடிப்போயிருக்கும். தடை கேட்பது பயந்தவன் வேலை என்று அன்றைக்கும் நினைத்தேன். இன்னொருவர் நம் படத்தையோ புத்தகத்தையோ தடை செய்யக் கேட்கும்போது நாம் எந்த முகத்தோடு எதிர்ப்பது?

தமிழ்ப் படத்தில் வரும் கிறித்தவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடிக்கிற அப்பா, கவுன் போட்ட அம்மா, பாதி ஆங்கிலம் பேசும் பெண், கழுத்தில் சிலுவையோடு அரிவாள் தூக்கும் அடியாள். ஒரு சாமியார் வருவார். வெள்ளை அங்கி கஞ்சி போட்டு நிற்கும். கதாநாயகனை ஒளித்துவைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கொலைகாரன் வந்து உட்காருவான், அடுத்த காட்சியில் அந்த விஷயம் போலீசுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கேட்டதை வெளியே சொல்லி அந்த இரகசிய முத்திரையை உடைக்கிற குருவுக்கு அந்த நொடியே சபை விலக்கு என்பது கதை எழுதியவருக்குத் தெரியாது. போகட்டும், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தொண்டிக்கும் குமரிக்கும் இடையில் கடற்கரையில் நானூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் ஒரு கத்தோலிக்க வாழ்வு, அதன் கும்மி, அதன் ஒப்பாரி, பெரிய வெள்ளிக்கிழமையின் பாஸ்கு நாடகம், இதெல்லாம் திரைக்கு வரவேண்டும் என்றால் அதை நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அவர்கள் நம்மைத் தப்பாகக் காட்டுவது பரவாயில்லை, நாமே அதைப் பார்த்து நம்மைத் திருத்தி எழுதிக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் பீடத்தின் முன் போட்டோ ஷூட். காணிக்கைப் பாட்டு போன வருஷத்துச் சினிமா மெட்டில். குருப்பட்டம் பெற்றவருக்கும் ஆயரின் வெள்ளிவிழாவுக்கும் தெருமுனையில் பிளக்ஸ்: கும்பிட்டபடி சிரிக்கும் முழு உருவம், சுற்றிலும் வாழ்த்துவோரின் முகங்கள் வட்ட வட்டமாக. அங்கியின் நிறத்தை மாற்றினால் மாவட்டச் செயலாளர். இதை உங்களிடம் ஒருவரும் சொல்வதில்லை என்பதால் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

அப்புறம் இந்தக் கேக். திருவருகைக் காலம் ஊதா உடுத்திக் காத்திருக்கும் காலம். அந்த நான்கு வாரங்களில்தான் ஒவ்வொரு கட்சியும் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறது. ஆயர்கள் முன்வரிசையில். தலைவர் கேக் வெட்டி முதல் துண்டை ஆயர் வாயில் ஊட்டுகிறார், டிவி நேரலை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பிறந்தநாள் முடிந்துவிட்டது! டிசம்பர் 25 அன்று அந்தத் தலைவர்களுக்கு வேறு வேலை இருக்கும், ஆகவே முன்கூட்டியே வெட்டுகிறார்கள், புரிகிறது. நீங்கள், "எங்களுக்கு இது காத்திருக்கும் காலம் ஐயா, ஜனவரி முதல் வாரத்தில் வையுங்கள், கிறிஸ்துமஸ் காலம் அப்போதும் இருக்கும்" என்று ஒரே ஒரு ஆண்டு சொல்லிப் பாருங்களேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. என் சின்ன வயதில் சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். நாமிருவர், நமக்கிருவர். நான்கு, ஐந்து பிள்ளை பெற்ற நம் வீடுகளை ஏளனமாகப் பார்த்தார்கள். 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டை மறுத்து எழுதியதை நம் ஆட்களே கூச்சத்தோடு மறைத்தார்கள். 2025 மார்ச்சில் தமிழக முதலமைச்சர், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். காரணம், மக்கள் தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறையும்! பிள்ளை வரம் என்பதிலிருந்து பிள்ளை பாரம் என்பதற்குப் போய், இப்போது பிள்ளை என்றால் தொகுதிக் கணக்கு. இந்த மூன்றில் முதலாவதைச் சொல்ல உரிமை உள்ளவர்கள் நீங்கள். அன்றைக்கு ஒரு அறிக்கை வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுதரப்புக்குப் பதில் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. 1971 சட்டம் வந்ததன் பின்னணியில் உண்மையான சாவுகள் இருந்தன. மருத்துவச்சியிடமும் நாட்டு மருந்துக்காரரிடமும் போய்ச் செத்த பெண்கள். அதை ஆராய 1964-இல் சாந்திலால் ஷா குழு போட்டார்கள். 24 வாரப் பட்டியலில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள், சிறுமிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய துன்பத்தை லேசாகப் பேசுகிறவனை நான் கத்தோலிக்கன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பெண் அந்த முடிவுக்கு வரும் இடத்தில் பெரும்பாலும் ஓர் ஆண் கைவிட்டிருக்கிறான், அல்லது ஒரு குடும்பம் மிரட்டியிருக்கிறது, சாதி மிரட்டியிருக்கிறது. ஆகவே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் உள்ளே இருக்கும் இன்னொரு உயிரைப் பற்றி ஒருவராவது பேச வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக 2016-இல் நல்ல சட்டம் கொண்டுவந்த அதே நாடு, அதே குறைபாட்டோடு கருவில் இருக்கும் குழந்தைக்கு வார எல்லைகூட வைக்கவில்லை. வெளியே வந்துவிட்டால் சாய்தளம், இட ஒதுக்கீடு, உதவித்தொகை; வராவிட்டால் ஒன்றும் இல்லை. பெண் கரு என்று கண்டுபிடித்துக் கலைப்பது கொடுமை என்று 1994 சட்டம் சொல்கிறது, பெண்ணியவாதிகளும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். அந்த ஒரு புள்ளியில் எல்லோரும் கரு என்பது யாரோ ஒருவர் என்று ஒத்துக்கொள்கிறோம். பேச்சை அங்கிருந்து தொடங்க முடியாதா?

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அனுபவமே உண்டு. உசிலம்பட்டியிலும் சேலம், தர்மபுரிப் பக்கமும் பெண் சிசுக் கொலை நடந்தபோது, 1992-இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. "உனக்கு வேண்டாமா, கொல்லாதே, இங்கே வைத்துவிட்டுப் போ" என்று அரசே தொட்டில் கட்டியது. அதில் குறைகள் சொன்னவர்கள் உண்டு. இருந்தாலும் எந்த ஆயரின் மடலைவிடவும் கிறித்தவத்துக்கு நெருக்கமான அரசாணை அது என்பது என் கருத்து. கன்னியர் மடங்கள் அந்த வேலையை அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே செய்துவந்தன. இன்றைக்கு, கல்யாணமாகாமல் கருவுற்ற ஒரு கல்லூரிப் பெண் பயந்துபோய் நம் மடத்தின் கதவைத் தட்டினால் என்ன நடக்கும்? விசாரணை நடக்குமா, முதலில் ஒரு டம்ளர் பால் கிடைக்குமா? எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், அந்த மடங்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லாக் கோயில் வாசலிலும் எழுதி ஒட்டுங்கள். கருக்கலைப்பு பாவம் என்ற மறையுரைக்கு முன்னால் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முற்றத்தில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது திருச்சபை கதவைச் சாத்தவில்லை. 2018 மே மாதம் எங்கள் ஊரில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தபோது எங்கள் குருக்கள் மருத்துவமனையில் நின்றார்கள், பழியையும் சுமந்தார்கள். ஆகவே உங்களுக்குத் தைரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தைரியத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறேன், கைதட்டல் வராத இடத்தில்.

கடைசியாக ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் நம் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். கருக்கலைப்பு நடக்கும் தியேட்டரில் டியூட்டி போட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மனசாட்சி ஒப்பாதவர் விலகி நிற்கலாம் என்று நம் சட்டத்தில் வெளிப்படையாக ஒரு வரி இல்லை. மேட்ரனிடம் பேசப் பயம், வேலை போய்விடுமோ என்று பயம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வெட்கம். அவர்களுக்கென்று ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதுங்கள். எது உடந்தை, எது இல்லை, எந்தச் சூழ்நிலையில் தாயின் உயிரைக் காக்கும் சிகிச்சை பாவமாகாது, எழுத்து மூலம் எப்படி விலக்குக் கேட்பது, கேட்டதால் தொல்லை வந்தால் மறைமாவட்டத்தில் எந்த வக்கீலைப் பார்ப்பது என்று தெளிவாக எழுதுங்கள். பெரிய மருத்துவக் கல்லூரிகளுக்கு அருகில் இருக்கும் பங்குகளில் அதை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலியில் மட்டும் வாசித்தால் போதாது, அவர்களில் பாதிப்பேருக்கு அந்த நேரம் டியூட்டி இருக்கும். சாயங்காலத் திருப்பலியிலும் வாசிக்க வேண்டும்.

தங்கள் ஆசீரை வேண்டும்,
தூத்துக்குடி மறைமாவட்டத்து விசுவாசி ஒருவன்